ஒன்பது கம்பெனியும் ஒரு ஜாதகமும்

மாப்பிள்ளை வீட்டாரும் கொழும்புச் சட்டக் கம்பெனிக்காரர்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்பது ராமலட்சுமியின் தீர்ப்பு. அதற்கு மேன்முறையீடு கிடையாது.

தீர்ப்புச் சொல்லும் தகுதி அவளுக்கு இருந்தது. மூத்த மகள் கலாராணியைக் கரையேற்றுவதற்குள் பதினான்கு வரன்கள் வந்து பலகாரம் தின்றுவிட்டுப் போயின. அதில் ஒருவராவது "உங்க பொண்ணு வேணாம்" என்று சொல்லியிருப்பார்களா? மூச்! "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்பார்கள். இரண்டு வாரம் கழித்துத் தரகர் வந்து தலையைச் சொறிவார். "ஜாதகம் பொருந்தலையாம்ங்க." பதுளைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பங்களில் 'வேண்டாம்' என்ற சொல்லை யாரும் வாயில் வைப்பதில்லை. நாளைக்கும் அதே தெருவில் முகத்தில் முழிக்க வேண்டுமே! ஆகையால் எல்லாப் பழியையும் தூக்கிக் கிரகங்களின் தலையில் போட்டுவிடுவார்கள். சனி பகவான் வாயைத் திறந்து மறுக்கவா போகிறார்?

இளையவள் துஷ்யந்தி கொழும்பில் சட்டம் படிக்கிறாள். மூன்றாம் வருடம் முடிந்து விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தாள். அடுத்த மூன்று மாதத்துக்கு ஏதாவது ஒரு சட்டக் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும் என்று ஒன்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். ஒரு வாரத்தில் இரண்டு பதில்கள் வந்தன. முதல் கடிதத்தை அவள் வாசித்து அர்த்தம் சொன்னாள். இந்த முறை இடமில்லையாம், விவரங்களைக் கோப்பில் வைத்திருப்பார்களாம்.

"போட்டோ எங்ககிட்டயே இருக்கட்டும்னு சொன்னாரே அந்த அப்புத்தளை ஆளு, அதே கதைதான்" என்றாள் ராமலட்சுமி. "அடுத்தது?"

"ரொம்பத் தெறமையான விண்ணப்பமாம். ஆனா இந்த வருஷம் போட்டி அதிகமாம்."

"'பொண்ணு தங்கம், எங்களுக்குத்தான் கொடுப்பினை இல்ல.' பண்டாரவளைக்காரங்க சொன்னது. கழிச்சுடு."

மிச்சம் ஏழு கம்பெனிகளில் ஆறு வாயே திறக்கவில்லை. அதுதான் பெண்ணை வாட்டியது. சாப்பிடும்போதும் போன், தலை சீவும்போதும் போன். "இல்லைன்னு ஒரு வரி எழுதினா என்னம்மா கொறஞ்சு போகும்?" என்று ஒருநாள் வெடித்தாள். "இல்லைன்னு தெரிஞ்சா நான் வேற வழியைப் பார்ப்பேன்ல?" மகளின் முகம் சுருங்கியதைப் பார்த்த ராமலட்சுமி போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

மீதி ஒரே ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது, போன் திரையில்தான். சிக்னல் நன்றாகக் கிடைப்பது அவர்களுடைய துணிக்கடைக்கு மேலே சேலை அடுக்கி வைக்கும் அறையில் என்பதால் துஷ்யந்தி அங்கே போய் உட்கார்ந்தாள். வாயைத் திறக்க மாட்டேன் என்று ராமலட்சுமி பிள்ளையார் மேல் சத்தியம் செய்திருந்தாள். ஆனால் நாலு பேர் பெண்ணைப் பார்க்கும் நேரத்தில் தேநீர் இல்லாமல் எப்படி? தட்டில் தேநீரும் முறுக்குமாகப் போய் நின்றுவிட்டாள். திரையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த நளீரா என்ற அம்மையார்தான் கம்பெனிக்குத் தலைவி.

"யாரு, அம்மாவா? வணக்கம்மா" என்றார் அவர்.

சத்தியம் அந்த இடத்தில் காலாவதியானது. "வணக்கங்க. ஒண்ணு கேக்கலாமா? ஆபீசு சொந்தக் கட்டடமா, வாடகையா?"

துஷ்யந்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நளீரா சிரித்துவிட்டார். "வாடகைதான்ம்மா. வருஷா வருஷம் ஏத்துறாங்க. புதன்கிழமை ஆமாவோ இல்லையோ கட்டாயம் சொல்லிருவோம்."

பொய் சொல்லாத குடும்பம் என்று ராமலட்சுமி அப்போதே முடிவு செய்தாள்.

சொன்னபடி புதன்கிழமை காலையில் பதில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சம்மதம் எழுதி அனுப்ப வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். துஷ்யந்தி அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். அந்தச் சுற்று நிற்பதற்குள் துஷ்யந்தியின் அப்பா லிங்கம் கையில் பூந்திப் பொட்டலத்தோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"நல்ல சேதி!" என்றார். "நம்ம லோயர் ஐயா துஷ்யந்தியத் தன்னோட ஆபீசுக்கே அனுப்பச் சொல்லிட்டாரு. நானும் வாக்குக் குடுத்துட்டேன்."

லோயர் ஐயா என்றால் சட்டத்தரணி இந்திரஜித். கடையின் பின்சுவர் வழக்கைப் பத்து வருடம் நடத்தி வென்று கொடுத்தவர். அந்தச் சுவரில் சாய்ந்துதான் லிங்கம் இன்றைக்கும் கணக்கு எழுதுகிறார்.

"என்னைய ஒரு வார்த்த கேக்கலயேப்பா" என்றாள் துஷ்யந்தி. கொழும்புக் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். லிங்கம் பூந்தியைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார். "குடுத்த வாக்க எப்படித் தங்கம் மாத்துறது? அவரு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"ரெண்டு வரியில நானே எழுதிடறேன். நன்றி, வேற எடத்துல சேர்ந்துட்டேன், மன்னிக்கணும்னு."

"ஐயையோ!" என்றார்கள் தாயும் தகப்பனும் ஒரே குரலில். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்தது அபூர்வம். "மூஞ்சியில அடிச்ச மாதிரி அப்படியா எழுதுவாங்க?"

ராமலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகினாள். "நான் பார்த்துக்கிறேன். பதினாலு எடத்தப் பார்த்தவ நான். வாழைப்பழத்துல ஊசி ஏத்துற மாதிரி சொல்லிட்டு வர்றேன்."

"நீ போக வேணாம்" என்றார் லிங்கம் அவசரமாக. "அடுத்த வாரம் நானே பக்குவமா..."

"வெள்ளிக்கிழம முடிஞ்சாப் பொறகு பக்குவம் எதுக்கு?"

வியாழக்கிழமை காலையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அவள் நீதிமன்றத்துக்குப் பக்கத்திலிருந்த லோயர் ஆபீசுக்குப் போனாள். உள்ளே ஆள் இருந்ததால் வெளியே வாங்குப் பலகையில் உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த கருப்பம்மா என்ற கொழுந்து எடுக்கும் அம்மாள் இருந்தாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் அவள் போட்ட மரக்கறித் தோட்டத்தை அடுத்த வீட்டுக்காரன் வேலி நகர்த்திப் பிடித்துக்கொண்டானாம். அதற்கு வழக்குப் போட முடியுமா என்று கேட்க வந்திருந்தாள்.

"இது எத்தனையாவது தடவ?" என்று கேட்டாள் ராமலட்சுமி.

"ஒம்பதுங்கம்மா. வர்ற அன்னிக்கெல்லாம் ஒரு நாள் பேரு போயிருது. பேரு போனா அன்னிக்குச் சம்பளம் இல்ல."

"ஐயா என்ன சொல்றாரு?"

"'பார்ப்போம்'னு சொல்றாரு. தங்கமான மனுசன், ஒருநாளும் கோவமாப் பேசுனதில்ல." கருப்பம்மா காலை நீட்டி மடக்கினாள். "ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா நான் பாட்டுக்கு மலைக்கு வேலைக்குப் போயிருவேன். பார்ப்போம்னு சொன்னா வராம இருக்க முடியுதுங்களா?"

ராமலட்சுமிக்குச் சுருக்கென்றது. போனும் கையுமாகக் கிடந்த துஷ்யந்தியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

"வாங்கம்மா, வாங்க!" லோயர் ஐயா எழுந்தே நின்றுவிட்டார். "துஷ்யந்தி திங்கக்கிழமையே வரட்டும். தனி மேசை போட்டாச்சு."

ராமலட்சுமி பழத்தை மேசையில் வைத்தாள். அவள் தயார் செய்து வந்த சாக்கு வேறு. மூத்தவளுக்குப் பிரசவம், உதவிக்கு ஆள் வேண்டும் என்று வீட்டிலிருந்து வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். ஆனால் அவருடைய மலர்ந்த முகத்தைப் பார்த்ததும் பதற்றத்தில் எல்லாம் மறந்து, பழகிய நாக்கு பழகிய பாட்டைப் பாடிவிட்டது.

"எங்களுக்குக் குடுத்து வைக்கலைங்கய்யா. ஜாதகம் பொருந்தல."

சொன்ன பிறகுதான் அதன் அபத்தம் உறைத்தது. ஒரு ஆபீசுக்கு ஏது ஜாதகம்? அவர் சிரிக்கப் போகிறார் என்று கூசிப்போய் நின்றாள். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனா விழுந்து உருண்டது.

"அதெப்படி? ஜனுஷனோட ஜாதகத்த நான் இன்னும் லிங்கத்துக்கிட்டயே குடுக்கலையே!"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாகிவிட்டது. முப்பது வருடமாக எத்தனையோ சாட்சிகளின் வாயைப் பிடுங்கியவர், ஒருவரும் கேட்காமலே தன் வாயால் கெட்டார். ஜனுஷன் அவருடைய ஒரே மகன், மெல்பேர்னில் வேலை. பதினான்கு வரன் பார்த்த ராமலட்சுமிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"இதெல்லாம் எங்க வீட்டுக்காரருக்கும் தெரியுமாங்கய்யா?"

"தெரியாம என்னம்மா? மூணு மாசம் புள்ள ஆபீசுக்கு வரட்டும், பழக்கவழக்கம் பார்ப்போம், பொறகு ஜனுஷன் லீவுல வரும்போது பேசிக்கலாம்னு நாங்க ரெண்டு பேரும்..." அவர் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டார்.

ராமலட்சுமிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. மற்றவர்களாவது அரைமணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். இந்த மனிதர் மூன்று மாதம் உட்கார வைத்துப் பெண் பார்க்கப் போகிறார், அதுவும் கடிதம் டைப் அடிக்க வைத்து! ஆனாலும் முப்பது வருடப் பழக்கம் விடவில்லை. "அவளுக்கு இப்ப நேரம் சரியில்லைங்கய்யா" என்றாள்.

லோயர் ஐயா அதற்குள் சுதாரித்துக்கொண்டார். இது அவருடைய ஆடுகளம். "நேரம் சரியில்லையா? உங்க ஜோசியர் போன மாசந்தான் சின்னவளுக்கு ராஜயோகம்னு சொன்னதா லிங்கம் சொன்னாரே?"

"அது... தோஷம் ஒண்ணு..."

"தோஷத்துக்குப் பரிகாரம் இருக்கு. செலவு என்னோடது."

"மூத்தவளுக்குப் பிரசவம், ஒத்தாசைக்கு ஆள்..."

"கலாராணிக்குப் போன சித்திரையிலதானேம்மா கொழந்த பொறந்துச்சு? நான் வந்து பார்த்தேனே!"

ராமலட்சுமிக்கு வியர்த்துவிட்டது. சாக்கு மூட்டை காலி. அப்போது வெளியே வாங்கில் கருப்பம்மா இருமும் சத்தம் கேட்டது. ஒன்பது நாள் பேர் போன இருமல்.

"ஐயா, நான் சொன்னது பூராவும் பொய்" என்றாள் ராமலட்சுமி. "ஜாதகமும் இல்ல, தோஷமும் இல்ல. எம்மக இங்க வர மாட்டா. கொழும்புல அவளுக்குப் புடிச்ச எடம் கெடைச்சிருக்கு, அங்கதான் போறா. கல்யாணப் பேச்சும் வேணாம். உங்க மகன் நல்லவருதான். ஆனாலும் வேணாம்."

கூரை இடிந்து விழவில்லை. நீதிமன்றமும் அதே இடத்தில்தான் நின்றது. லோயர் ஐயா மட்டும் குனிந்து, உருண்டு போன பேனாவை எடுத்தார். "கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாமேம்மா."

"மெதுவாத்தாங்கய்யா ஆரம்பிச்சேன். நீங்கதான் விடல."

அவர் பழத்தைத் தள்ளினார். "இதையும் எடுத்துட்டுப் போங்க."

"பழம் என்னங்க பண்ணுச்சு? வச்சிருங்க." கதவு வரைக்கும் போனவள் திரும்பினாள். "வெளிய இருக்கிற அந்தம்மாவோட வழக்கு நிக்குமாங்கய்யா?"

"அது... பார்ப்போம்."

ராமலட்சுமி போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவர் முகம் மெல்லச் சிவந்தது. "நிக்காது" என்றார் தாழ்ந்த குரலில். "கையில ஒரு துண்டுக் காயிதம் இல்ல. அது தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தமான காணி."

"அத அவங்ககிட்ட சொல்லிருங்க. பாவம், பேரு போகுது."

அவள் வெளியே வந்து காத்திருந்தாள். உள்ளே போன கருப்பம்மா பத்து நிமிடத்தில் வந்தாள். கண் கலங்கியிருந்தது. கையில் இரண்டு வாழைப்பழம் இருந்தது. "ஆகாதாம்மா" என்றாள். "போஞ்சியும் கத்தரியும் அப்படிக் காச்ச எடம். வயிறு எரியுதும்மா." மூக்கைச் சிந்திவிட்டு, "போகட்டும், நாளைக்கு மலைக்குப் போயிரலாம்" என்று பழத்தை மடியில் கட்டிக்கொண்டு பசறை பஸ்ஸுக்கு நடந்தாள்.

கடையில் லிங்கம் சீத்தைத் துணி அளந்துகொண்டிருந்தார். "என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"வேணாம்னு சொன்னேன்."

"எத?"

"ரெண்டையும்."

அளவுகோல் பாதியில் நின்றது. "ரெண்டு காரியமும் ஒண்ணா முடிஞ்சிரும்னு பார்த்தேன்..."

"பெத்த புள்ள என்ன மொத்த வியாபாரமா?"

"ஜாதகம் பொருந்தலன்னு சொல்லியிருக்கலாமே" என்றார் லிங்கம் பரிதாபமாக.

"சொன்னேனே. அதுலதானே உங்க குட்டு உடைஞ்சுச்சு!"

அன்று முழுக்க லிங்கம் பின்சுவரில் சாயாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் துஷ்யந்தி கொழும்புக்குச் சம்மதம் எழுதி அனுப்பினாள். அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் போன் மறுபடி சிணுங்கியது. வாயே திறக்காத ஆறு கம்பெனிகளில் பெரியது ஒன்று, ஒரு மாதம் கழித்து விழித்துக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது.

துஷ்யந்தி நகத்தைக் கடித்தாள். "நளீரா மேடத்துக்கிட்ட ஒத்துக்கிட்டேனே. இவங்களுக்கு என்னம்மா எழுதுறது? காய்ச்சல்னு போடவா? இல்ல, பதிலே போடாம விட்டுரவா?"

"சொந்தக் கட்டடமா?"

"ஏழு மாடிம்மா."

ராமலட்சுமியிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது, அதை மறைத்து என்ன பயன்? பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வரலைன்னு எழுது. இப்பவே எழுது. அந்த எடத்துக்காக எங்கயோ ஒரு புள்ள போனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கும்."