நீலாம்பாள் ஒரு மணி நேரம் முன்னால் பிறந்தாள்

1

இந்தக் கதை நான் திருடியது. 2001இல் கொச்சங்காடி ஜெராக்ஸ் கடையில் மெஷின் மூடியைத் தூக்கினேன். யாரோ மறந்துவிட்டுப் போன புகார்க் கடிதம் ஒன்று கிடந்தது. 'எட்டு வருஷமாக உங்களையே நம்பியிருக்கும் எனக்கு நீங்கள் செய்திருப்பது துரோகம்' என்று ஆரம்பித்தது. உரியவரிடம் கொடுக்கத்தான் எடுத்துப் போனேன். (பொய். எனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன்.) கடிதத்தில் இருந்தது கால்வாசி, மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: மட்டாஞ்சேரியில் அன்று மழை—

வேண்டாம். மட்டாஞ்சேரியில் மழை பெய்வதெல்லாம் ஒரு செய்தியா?

இரண்டாவது தொடக்கம்: வெங்கிடராமன் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்.

இது இருக்கட்டும். மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களுக்குக் கம்ப்யூட்டரில் ஜாதகம் கணித்து, பொருத்தம் பார்த்துச் சொல்பவர் அவர். 'கிரகசிந்து' என்ற மென்பொருளை முதல் பதிப்பிலிருந்தே வைத்திருந்தார். மூன்று பதிப்புகளின் காலி டப்பாக்களும் பூஜை அலமாரியில் சாமி படங்களோடு இருந்தன. நான்காவது வெளிவந்த அன்றே திருச்சூருக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கிவந்தார்.

புதுப் பதிப்பு வந்தால் அவர் முதலில் போட்டுப் பார்ப்பது தன் ஜாதகத்தையும் மனைவி நீலாம்பாளுடையதையும்தான். கடைதிறப்புக்குத் தேங்காய் உடைக்கிற மாதிரி அது. மூன்று பதிப்புகளும் பத்துக்குப் பத்து என்றே சொல்லியிருந்தன.

நான்காவது சொன்னது: பத்துக்கு இரண்டு.

3

[இந்த இடத்தில் நீலாம்பாளை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். 'முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள்—' எழுதும்போதே அவள் என்னை முறைத்தாள். கிழித்துப் போட்டேன்.]

அவள் சிரித்தாள். கையிலிருந்த காப்பி தளும்பிக் கீபோர்டில் சிந்துகிற அளவுக்குச் சிரித்தாள்.

"இருபத்திநாலு வருஷமா நான் எதுக்கு வாயைத் தொறந்தாலும், 'பத்துப் பொருத்தமாக்கும், பின்னே எந்தா கொறைச்சல்?'னு அடக்கினேளே! இப்போ சொல்லுங்கோ!"

"இது பிழைடீ. மெஷினோட பிழை."

"எட்டு வருஷமா மெஷின் தெய்வமாக்கும்னேள். தெய்வம் சொல்லியாச்சு. நாளைலேர்ந்து நான் ஸ்கூட்டர் படிக்கப் போறேன்."

ஸ்கூட்டர் பழைய வழக்கு. அவள் கேட்கும்போதெல்லாம், "பத்துப் பொருத்தம் இருக்கச்சே உனக்கெதுக்குத் தனி வண்டி? நான் கூட்டிண்டு போறேன்" என்பார். கூட்டிக்கொண்டு போனதில்லை.

வெங்கிடராமனுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். இவள் ஏன் தன்னோடு இருக்கிறாள் என்று எப்போதாவது யோசித்தால், அவரிடம் இருந்த ஒரே பதில் அந்தப் பத்துதான். அதுவும் போய்விட்டால்?

4

கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்தவன் அபிலாஷ்.

"சாரே, ரெண்டாம் உலக யுத்தத்தில கடிகாரத்தை ஒரு மணிக்கூர் முன்னால் தள்ளி வெச்சாங்க இல்லே? அப்போ பிறந்தவங்களுக்கு ஒரு மணிக்கூர் குறைக்கணும். இந்த வெர்ஷன் எல்லாருக்கும் குறைக்குது."

"யுத்தம் முடிஞ்சு அம்பத்தாறு வருஷமாச்சேடோ!"

"எங்க புரோகிராமில முடியலை சாரே."*

வெங்கிடராமனின் நட்சத்திரம் இந்த ஒரு மணி நேரத்துக்கெல்லாம் அசையவில்லை. விளிம்பில் நின்ற நீலாம்பாளுடையதுதான் முந்தைய நட்சத்திரத்தில் விழுந்துவிட்டது. திருத்திய ஃப்ளாப்பி ஒரே வாரத்தில் வரும் என்றான் அபிலாஷ். வரவில்லை. வாரம் முடிந்த அன்றுதான் அவர் கம்பெனிக்கு அந்தப் புகார்க் கடிதத்தை எழுதினார். அதில் 'துரோகம்' ஆறு முறை, 'என் மனைவி' பதினொரு முறை.

(* யுத்தம் வெங்கிடராமன் வீட்டிலும் முடியவில்லை. நீலாம்பாள் தோப்பும்படி மைதானத்தில் ஸ்கூட்டரில் எட்டுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.)

5

மூன்றாம் வாரம் ஃப்ளாப்பி வந்தது. முழங்கை சிராய்ப்போடு வகுப்பிலிருந்து திரும்பியவளிடம் அதை ஆட்டிக் காட்டினார்.

"இதைப் போட்டாப் பத்து திரும்பி வந்துடும்!"

"போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்கோ. நான் பொறந்தது ஆறு பத்துக்கு இல்லே. அஞ்சு பத்துக்கு. உங்க ஜாதகத்தோட சேரலேன்னு அப்பா ஒரு மணி தள்ளி எழுதினார். கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா சொன்னா."

பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் ஜாதகத்தில் பிறந்த நேரத்தைக் கொஞ்சம் நகர்த்துவது ஊர் அறிந்த சமாசாரம். ஊருக்கெல்லாம் அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர், தன் வீட்டில் கோட்டைவிட்டிருந்தார். அப்பா கூட்டி எழுதிய ஒரு மணியை மென்பொருள் தப்பாகக் குறைத்து, கணக்கைச் சரியாக்கிவிட்டது. இரண்டுதான் நிஜம்.

"தெரிஞ்சுண்டா கழுத்தை நீட்டினே?"

"பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு வடை தொண்டையில மாட்டிண்டு நீங்க ஒரு முழி முழிச்சேளே, அது எனக்குப் பிடிச்சுப்போச்சு. அதுக்கெல்லாம் உங்க பொட்டியில கட்டம் கெடையாது."

வெங்கிடராமன் அதே முழி முழித்தார்.

6

முடிவு அ: ஃப்ளாப்பியைப் போடுகிறார். பத்து வருகிறது. அவருக்கு நிம்மதி, எனக்குச் சலிப்பு.

முடிவு ஆ: ஃப்ளாப்பியை இரண்டாக ஒடித்து— வேண்டாம், சினிமா.

முடிவு இ: கம்பெனிக்கு இன்னொரு கடிதம் எழுதுகிறார். 'தயவுசெய்து பிழையைத் திருத்தாதீர்கள். உங்கள் விசுவாசமுள்ள—' அடுத்த வரன் ஜாதகத்துக்கு என்ன செய்வார், பாவம்?

எனக்குத் தெரியவில்லை ஐயா. நான் அவரை விட்டுவந்த நிலை இதுதான்: ஃப்ளாப்பி பாதி உள்ளே, பாதி வெளியே. விரல் அதன் மேல். வாசலில் நீலாம்பாள், சுள்ளிக்கல்லில் இருக்கும் தன் தங்கையின் ஸ்கூட்டரை அணைக்காமல் நிற்கிறாள். "வரேளா? பின்னாடி ஏறி உக்காருங்கோ. நான் கூட்டிண்டு போறேன்."

தள்ளினால் பத்து, இழுத்தால் இரண்டு. நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவள் ஹாரன் அடிக்கிறாள்.