பொட்டு வைக்காத படம்

மார்பகப் படம் எடுக்கும் அறையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டி தட்டுப்படுவதாகச் சொல்பவர் கைவைத்துக் காட்டும் இடத்தில், கடுகளவு உலோக மணி பதித்த ஒரு வில்லையை ஒட்டிவிடுவார்கள். படத்தில் அது வெள்ளைப் புள்ளியாக விழும். அங்கே அதற்குப் பெயர் பொட்டு.

பக்கத்து அறையில் தம்பிக்கு வேலை. ஆயிரக்கணக்கான பழைய படங்களைக் காட்டி, கணினிக்குப் புற்றுநோயை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். சந்தேகப் படத்துக்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை. பச்சை விழுந்தால் டாக்டர் ஒரு பார்வையோடு விட்டுவிடுவார்.

தன் அக்காவைச் சும்மா ஒரு பரிசோதனைக்கென்று அவனே அழைத்து வந்தான். பச்சை விழுந்தது.

"என் மிஷினே சொல்லிடுச்சு. நிம்மதியா தூங்குக்கா."

அடுத்த ஆண்டு அக்கா வலியோடு வந்தாள். இம்முறை பொட்டு ஒட்டினார்கள்; சிவப்பு விழுந்தது. டாக்டர் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"போன தடவையே கட்டி இருந்திருக்கேப்பா, சின்னதா. இப்ப அக்குள் வரைக்கும் போயிடுச்சு."

பழைய படத்தில் பொட்டு இல்லாதது தம்பியின் கண்ணில் பட்டது. புதுப் படத்தில் பொட்டை மட்டும் அழித்துவிட்டுக் கணினிக்குக் கொடுத்தான். பச்சை. நோயில்லாத ஒருவரின் படத்தில் ஒரு பொட்டு வரைந்து கொடுத்தான். சிவப்பு. அவன் காட்டிய புற்றுநோய்ப் படங்களில் பெரும்பாலானவற்றில் பொட்டு இருந்திருக்கிறது. கணினி கட்டியை விட்டுவிட்டுப் பொட்டைப் பிடித்துக்கொண்டது.

"போன வருஷம் ஏன் ஒட்டல?" என்று படம் எடுக்கும் பெண்மணியிடம் கேட்டான்.

"எங்கயாச்சும் தட்டுப்படுதான்னு கேட்டேனே தம்பி. ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

அக்கா வெளியே பெஞ்சில் இருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அப்பவே கைக்குத் தட்டுப்பட்டுச்சாக்கா? ஏன் சொல்லல?"

"எப்படிடா சொல்றது? கதவுக்கு அந்தப் பக்கம் நீ உக்காந்திருக்கே. உன்னைத் தூக்கி வளத்தவ நான், வெக்கமா இருந்துச்சு. எப்படியும் உன் மிஷின் பாத்துடும்னு நெனச்சேன்."

"அது பாக்கவே இல்லக்கா. பொட்டை வச்சுத்தான் சொல்லிட்டிருந்திருக்கு. நான் கவனிக்கல."

அக்கா அவன் பக்கம் திரும்பினாள்.

"அதையும் உன்னை மாதிரியேதான் வளத்திருக்கே. பாடத்தைப் படிக்காம பக்கத்துப் பையன் பேப்பரைப் பாத்து எழுதுது."

அவனுக்குச் சிரிக்க வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பச்சைன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்புனது என்னை மட்டுந்தானா?"

"இல்லக்கா."

"அவங்க படத்தையெல்லாம் யாரு திரும்பப் பாக்கறது?"

அவன் மறுபடியும் கண்ணைத் துடைத்தான்.

"அப்ப இங்க உக்காந்து அழுதுட்டிருக்காதே. டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு, போ."

எழுந்தான். அவளைத் தனியே விட்டுப் போகக் கால் வரவில்லை. போனான்.