செல்ஃப் கேட்டரிங்

ஆங்கிலம் தெரிந்தவன் என்று லிட்டில் இந்தியாவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. நான் வேலை பார்க்கிற பார்சல் கடைக்கு வரும் கட்டுமானத் தொழிலாளிகள், ஊருக்கு அனுப்பும் பெட்டிக்கான ஃபாரத்தோடு நிறுத்துவதில்லை. கம்பெனிக் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் என்னிடம்தான் நீட்டுவார்கள். "இயேசுதாசன் அண்ணன்ட்ட குடு, படிச்சுச் சொல்லுவாரு" என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்பதும் பொய்தான்.

என் மகள் செரினா உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அவளுக்கும் ஜோனாவுக்கும் கோயில் பாடகர் குழுவில் பழக்கமாகி, இரண்டு வீட்டிலும் சம்மதம் சொல்லி, பெரியவர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய கட்டத்துக்கு வந்திருந்தது. ஜோனாவின் அப்பா பிரபாகர் வங்கியில் பெரிய வேலையில் இருக்கிறார். அம்மா அனிதா. தஞ்சோங் பகாரில் கொண்டோமினியம், கீழே நீச்சல் குளம். நாங்கள் புக்கிட் பாஞ்சாங்கில் மூவறை வீட்டில் இருக்கிறோம்.

"நம்ம வீட்டுக்கே கூப்பிடுங்க. நான் பிரியாணி போடுறேன்" என்றாள் என் மனைவி அருள்ஜோதி.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பஞ்சு வெளியே வந்த சோபாவும், குளியலறைக் கதவின் உடைந்த தாழ்ப்பாளும்தான் கண்ணுக்குள் நின்றன. சொந்த வீட்டைப் பார்த்தே வெட்கப்பட்டேன் என்று இப்போது சொல்கிறேன். அப்போது, "இடம் பத்தாது" என்று மட்டும் சொன்னேன்.

இணையத்தில் தேடி, புலாவ் உபின் தீவில் ஒரு மரவீட்டை ஓரிரவுக்குப் பிடித்தேன். மூன்று படுக்கையறை, முன்னால் ரம்புத்தான் மரம், பக்கத்தில் வேறு வீடே கிடையாது. கீழே 'செல்ஃப் கேட்டரிங்' என்று போட்டிருந்தது. எனக்குப் புரிந்த கணக்கு இதுதான்: கேட்டரிங் என்றால் கோயில் திருவிழாவுக்கு அலுமினியத் தட்டுகளில் வந்து இறங்குமே, அந்தச் சாப்பாடு. செல்ஃப் சர்வீஸ் என்றால் நாமே போட்டுக்கொள்வது. ஆக, சாப்பாடு வந்துவிடும், பரிமாற மட்டும் ஆள் இருக்காது. இதில் யாரைக் கேட்க என்ன இருக்கிறது?

"அரிசி, மசாலா எதுவும் எடுத்துக்க வேணாமா?" என்று அருள்ஜோதி இரண்டு தடவை கேட்டாள்.

"படிச்சுப் பார்த்துட்டுத்தானே சொல்றேன். கேட்டரிங் இருக்கு. நீ சேலைய எடுத்து வை."

செரினாவிடம் கேட்டிருக்கலாம். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு பக்கத்து அறையில்தான் இருந்தாள். பெற்ற பிள்ளையிடம் போய் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை சாங்கி படகுத்துறையில் சம்பந்தி வீட்டார் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார்கள். அனிதாவின் காலடியில் ஒரு பெரிய ஐஸ்பெட்டி, இரண்டு துணிப்பை. பையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சிஸ்டர் இதெல்லாம்?"

"கொஞ்சம் கோழி, அரிசி, காய்ங்கண்ணே. அருள்ஜோதி சிஸ்டரும் நானும் சேர்ந்து சமைச்சிரலாம்னு..."

நான் துறையே கேட்கும்படி சிரித்தேன். "பொண்ணு வீட்டுக்காரங்க நாங்க எதுக்கு இருக்கோம்? கேட்டரிங் எல்லாம் ஏற்பாடு ஆயிருச்சு. நீங்க கரண்டியத் தொடக் கூடாது. பிரதர், இதக் கொண்டுபோய் காடியிலயே வச்சிருங்க!"

பிரபாகர் மனைவியைப் பார்த்தார். பிறகு ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தார். ஜோனா பைகளைக் கொண்டுபோனான். செரினா என் பக்கத்தில் வந்து மெதுவாக, "எந்தக் கேட்டரர்ப்பா?" என்றாள். வந்து பார் என்றேன்.

படகில் பத்து நிமிடம், இறங்கி வேனில் பத்து நிமிடம். வீட்டுப் பராமரிப்பாளர் ரத்னவேல் சாவியோடு வாசலில் நின்றார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள், முழுக்கைச் சட்டையைப் பித்தான் போட்டு இன் பண்ணியிருந்தார். அறைகளைக் காட்டினார். சமையலறையில் கேஸ் அடுப்பு, வரிசையாகச் சட்டிகள், துடைத்து வைத்த அரிசிக் குக்கர். குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். தண்ணீர் போத்தல்களைத் தவிர ஒன்றுமில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டரை ஆனது. ஒன்று ஆனது. பேச வேண்டிய நல்ல விஷயமெல்லாம் பேசி, நிச்சயதார்த்தத்துக்கு மாதமும் குறித்துவிட்டோம். அனிதா தண்ணீர் குடித்தார், மறுபடியும் குடித்தார். நான் எழுந்து பின்வாசலுக்குப் போனேன்.

"வேர் இஸ் தி கேட்டரிங்?" என்று ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தேன். "மணி என்ன ஆகுது? சாப்பாடு எங்க?"

"சார், இது செல்ஃப் கேட்டரிங்..." என்று ரத்னவேல் தொடங்கினார். என் பின்னால் பார்த்தார். சத்தம் கேட்டுப் பிரபாகரும் அனிதாவும் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பட்டுச் சேலையில் செரினா. ரத்னவேல் ஒரு கணம் எல்லாரையும் பார்த்தார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "சாரி சார். சாப்பாட்டுக்குச் சொல்லி வைக்கணும், நான் மறந்துட்டேன். என் தப்புதான்" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது, செல்ஃப் என்றால் சமையலும் நாமேதான் என்று. அடுப்பும் சட்டியும் எதற்கு வைத்திருக்கிறார்கள், முருங்கைக்காய் ஏன் வந்தது, எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. முன்பின் தெரியாத மனுஷன் ஒருவர் என் மானத்தைக் காப்பாற்றத் தன் தலையைக் கொடுக்கிறார். நான் அதை எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை.

"மறந்துட்டியா? சம்பந்தி வீட்டுக்காரங்கள பட்டினி போடுறதுக்கா நான் இங்க கூட்டிட்டு வந்தேன்? உன்னையெல்லாம் யாருய்யா வேலைக்கு வச்சது?"

"விடுங்க பிரதர், பரவால்ல லா" என்றார் பிரபாகர்.

என்னால் விட முடியவில்லை. குரல் இறங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயமாக இருந்தது. ரத்னவேல் தன் அறையிலிருந்து அரிசி, முட்டை, இரண்டு சார்டின் டின் எடுத்து வந்து ஒரு மணி நேரத்தில் சோறும் ரசமும் மீன் குழம்பும் வைத்தார். உதவிக்குப் போன அருள்ஜோதியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாப்பிடும்போதும் நான் சும்மா இருக்கவில்லை. ரசத்தில் உப்பில்லை என்றேன். இதற்குப் பெயர் கேட்டரிங்கா என்றேன். எல்லாரும் தலை குனிந்து சாப்பிட்டார்கள். அதுவும் போதாதென்று, 'மிகவும் ஏமாற்றமடைந்தோம்' என்று வீட்டு உரிமையாளருக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு செய்தி அனுப்பி, அதைச் சத்தமாக வாசித்தும் காட்டினேன்.

நாலரை மணிக்கு உரிமையாளர் கோ, கையில் சிக்கன் ரைஸ் பொட்டலங்களோடு நேரே வந்து நின்றார். அறுபது வயதுச் சீனர், வேர்த்துக் கொட்டியது. எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். ரத்னவேலைக் கூப்பிட்டு, கேட்டரிங் விஷயம் உண்மைதானா என்று கேட்டார்.

"யெஸ் பாஸ். நான் சாப்பாடு சொல்றேன்னு சொல்லி மறந்துட்டேன்."

"விருந்தாளிய பட்டினி போடுற ஆள் எனக்கு வேண்டாம். இந்த மாசத்தோட நீ போகலாம்" என்று கோ ஆங்கிலத்தில் சொன்னார்.

ரத்னவேல் "ஓகே பாஸ்" என்று சொல்லிவிட்டு, பொட்டலப் பைகளை மேசையில் வைத்துப் பின்பக்கமாகப் போய்விட்டார்.

வாயைத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கோவிடம் பிறகு தனியாக ஃபோனில் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் செரினா எழுந்தாள்.

"மிஸ்டர் கோ, தப்பு என்னோடது. உங்க விளம்பரத்த நான்தான் சரியாப் படிக்கல. செல்ஃப் கேட்டரிங்னா சாப்பாடு நீங்க குடுப்பீங்கன்னு நினைச்சு அப்பாகிட்ட சொல்லிட்டேன். அவர் மேல தப்பில்ல, அந்த அங்கிள் மேலயும் தப்பில்ல."

நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள், மாமனார் மாமியார் ஆகப்போகிறவர்கள் முன்னால் நின்றுகொண்டு, அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது என்கிறாள். குரலில் நடுக்கமே இல்லை. கோவுக்குப் பாதி கோபமும் பாதி நிம்மதியுமாக இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் சரி, ரத்னவேல் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, படகைப் பிடிக்கக் கிளம்பிப் போனார்.

அப்படியே விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். கொஞ்ச நேரம் விடவும் செய்தேன், மறைக்க மாட்டேன். ஜோனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அருள்ஜோதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"விளம்பரத்தப் படிச்சது செரினா இல்ல" என்றேன். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் புக் பண்ணேன். எனக்குத்தான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியல."

யாரும் ஆச்சரியப்படவில்லை. அனிதா சிக்கன் ரைஸ் பொட்டலம் ஒன்றைப் பிரித்துக்கொண்டே, "மத்தியானம் சாப்பிடுறதுக்கு முன்னாடியே தெரியும்ணே. ஜோனா ஃபோன்ல அந்த விளம்பரத்தக் காட்டினான்" என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

"நீங்களே சொல்லிருவீங்கன்னு நினைச்சோம்" என்றார் பிரபாகர். அதில் குத்தல் இல்லை. நம்பிக் காத்திருந்த மனுஷனின் குரல் அது.

ஆக, ரசத்தில் உப்பில்லை என்று நான் கத்தியபோது அவர்களுக்குத் தெரியும். செய்தியை வாசித்துக் காட்டியபோது தெரியும். ஆங்கிலம் தெரியாதவன் என்று நினைத்திருந்தால்கூட நான் தாங்கிக்கொள்வேன். என்னை எப்படிப்பட்ட ஆளென்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

எழுந்து பின்பக்கம் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், வேலை போகவில்லை என்று சொல்ல வேண்டும். ரத்னவேல் சமையலறைப் படியில் உட்கார்ந்து, பானையில் ஒட்டியிருந்த அடிச்சோற்றைச் சுரண்டித் தட்டில் போட்டு, மீதி ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அரிசியை நாங்கள் ஆறு பேர் தின்று தீர்த்த பிறகு, அன்று அவர் சாப்பிடுகிற முதல் சாப்பாடு அது.

என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, எச்சில் கையோடு அவசரமாக எழுந்து நின்றார்.

"சொல்லுங்க சார். இன்னும் என்ன குறை?"