உட்கார்ந்தது ஒருத்தி, உடைந்தது எவ்வளவு?

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. என் போனுக்குக் கண்ணாடி மாற்ற சர்வீஸ் சென்டரில் காத்திருந்தபோது, முன்னால் நின்ற இரண்டு பெண்களிடமிருந்து ஒட்டுக்கேட்டது. பேரம் பேசியே வளர்ந்த குடும்பம் எங்களுடையது. பக்கத்துக் கடையில் என்ன விலை போகிறது என்று காதைத் தீட்டிக்கொள்வது பிறவிப் பழக்கம்.

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

'மழை பெய்துகொண்டிருந்தது. அவள் விழிகளில்—' (மழையே இல்லை. ஏசிதான் சொட்டிக்கொண்டிருந்தது.)

'நுகர்வோர் உரிமை என்பது யாதெனில்—' (நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.)

'நாத்தனார் சோபாவில் உட்கார்ந்தாள்.' இது நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

2

நாத்தனார் சோபாவில் உட்கார்ந்தாள். மெத்தைக்கடியில் அண்ணியின் டேப், அதாவது டேப்லெட் கணினி, இருந்தது. அண்ணி வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போடுகிறவள். வாங்கி நான்கே மாதமான அந்த டேப்பில்தான் அவள் பிழைப்பு. மளுக்!*

நாத்தனார் இரண்டு நாள் தங்கிப் போக வந்தவள். அண்ணனைக் கேலி செய்வதென்றால் இருவரும் ஒரே கட்சி. செலவு பெரிதாகிவிட்டால் இவள் இனி இந்த வீட்டுப் பக்கமே கூசிக்கூசித்தான் வருவாள் என்று அண்ணிக்குப் பட்டது. டேப்பைவிட அதுதான் அவளை அரித்தது.

(*'மளுக்' அண்ணி சொன்னது. நாத்தனார் 'சடக்' என்றாள். சத்தத்தில்கூட ஒத்துப்போகவில்லை.)

3

கவுண்டர்காரரை முதல் வரைவில் வில்லனாக்கி, ஒரு தங்கப்பல்லும் வைத்திருந்தேன். பிறகு பிடுங்கிவிட்டேன். சொந்தப் பல்லோடு சாதுவாக இருந்த மனிதர்.

"கண்ணாடி உடைஞ்சிருக்கு மேடம். சார்ஜும் ஏறல. எப்படி ஆச்சு?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"எல்லாம் நான்தாங்க! நான்தான் மேல உக்காந்தேன். கண்ணாடி, சார்ஜ், எல்லாமே என்னாலதான்."

விற்கிறவன் கேட்பதற்கு முன்னாலேயே விலையை ஏற்றிக் கொடுத்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கவுண்டர்காரர் படிவத்தில் எழுதினார்: 'பயனரால் ஏற்பட்ட சேதம். வாரன்டி இல்லை.' கூட்டிப் போட்ட தொகை புது டேப்பின் விலையோடு தோள் உரசிக்கொண்டு நின்றது.

"இங்க ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

நாத்தனார் பேனாவை எடுத்துவிட்டாள்.

4

(இந்த இடத்தில் அண்ணியைப் பொய் சொல்ல வைத்தேன்: "அது தானா உடைஞ்ச—" அவள் வாயில் அது ஒட்டவில்லை. அடித்துவிட்டேன்.)

அண்ணி பேனாவைப் பிடுங்கினாள். "அம்மா தியாகி, கொஞ்சம் இரு. நீ எப்ப வந்தே?"

"முந்தாநேத்து, அண்ணி."

"சார்ஜ் ஏறலன்னு நான் கம்ப்ளெயின்ட் போட்டு மூணு வாரம் ஆச்சு. உன் வீட்ல இருந்தே உக்காந்தியா?"

வரிசையே சிரித்தது. நானும்தான்.

அண்ணி தன் போனில் புகார் எண்ணைக் காட்டினாள். "சார், கண்ணாடி நாங்க உடைச்சது. அதுக்கு நாங்க குடுக்கிறோம். சார்ஜ் கோளாறு முன்னாடியே இருந்தது. அது உங்க பாடு. ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டாதீங்க. தனித்தனி சீட்டா எழுதுங்க."

"உடைஞ்சிட்டா வாரன்டி மொத்தமா போயிடும் மேடம். அதான் ரூல்."

"சரி. உடைஞ்சதாலதான் சார்ஜ் ஏறலன்னு எழுதி, கீழ நீங்க கையெழுத்து போடுங்க. நான் நுகர்வோர் கோர்ட்ல காட்டிக்கிறேன்."

கவுண்டர்காரர் பேனாவைப் பார்த்தார். பேனாவும் அவரைப் பார்த்தது. "உள்ள கேட்டுட்டு வரேன்."

அவர் வருவதற்குள் ஒரு வார்த்தை. வாயால் சொல்கிற விதிக்கு நாக்குதான் ஜாமீன். எழுதித் தரச் சொன்னால் பாதி விதிகள் உள்ளே கேட்கப் போய்விடும். தன் தப்பை ஒப்புக்கொள்வது நல்ல குணம். அடுத்தவன் தப்பையும் சேர்த்து ஒப்புக்கொள்வது அவனுக்குக் கொடுக்கிற தள்ளுபடி. (பிரசங்கம் போதும். வந்துவிட்டார்.)

5

இரண்டு சீட்டு. சார்ஜ் கோளாறு: இலவசம். கண்ணாடி: முதலில் சொன்னதில் கால்வாசி.

கதையை இங்கே சுபமாக முடித்திருப்பேன். அதற்குள் இருவரும் கண்ணாடிச் சீட்டின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"குடுங்க அண்ணி, உக்காந்தது நான்."

"அங்க வெச்சது நான். மெத்தைக்கடியில யாராவது டேப் வெப்பாங்களா?"

"சரி, ஆளுக்குப் பாதி."

"நீ கால், நான் முக்கால்."

"முக்கால் எனக்கு! இல்லேன்னா அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்."

"சொல்லேன். அவர் மட்டும் என்ன, கட்டிடுவாரா?"

இப்படித் தன் தலையில் விலையை ஏற்றிக்கொள்ளும் பேரத்துக்கு எங்கள் குடும்ப அனுபவத்தில் முடிவு கிடையாது. நாத்தனார் கட்டுவதாக எழுதினேன். அண்ணி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணி கட்டுவதாக எழுதினேன். நாத்தனார் ஊருக்குப் போய் அதே தொகையை அனுப்பிவிட்டாள், பத்து ரூபாய் கூடுதலாக. பாதிப் பாதி எழுதியபோது இருவருமே ஏமாந்தவர்கள் மாதிரி வெளியே போனார்கள்.

ஆகவே நிறுத்திவிட்டேன். சீட்டு கிழியாமல் நடுவில் நிற்கிறது. "பில் யார் பேர்ல போடட்டும்?" என்று கேட்டுவிட்டுக் கவுண்டர்காரர் உங்களைத்தான் பார்க்கிறார். அவருக்குச் சாப்பாட்டு நேரம். சீக்கிரம் சொல்லுங்கள்.