பாலம் தவிர்த்த வழி

மகன் ஆற்றுப்பாலத்தில் பைக் விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு அவள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவளுக்காகத்தான் புருஷன் ஒருநாள் காரின் மேப்பில் தட்டித் தடவி, தவிர்க்க வேண்டிய சாலைகளில் அந்தப் பாலத்தைச் சேர்த்துவைத்தார்.

"இனிமே இந்த வண்டி அங்க போகவே போகாது. போதுமா?"

அவள் தலையாட்டினாள். அக்கரையில் அவர்களுக்கு ஒரு ஜோலியும் இல்லை. செய்ததை அவர் சுத்தமாக மறந்தும்போனார்.

அவர் வேலை பார்த்த மின்சாதனக் கடையில் அவருக்கு 'மேப்' என்றே பட்டப்பெயர். வீட்டுக்குப் போகக்கூட வழி போடுகிற மனுஷன் என்று சிரிப்பார்கள். "எங்க நெரிசல்னு எனக்கென்ன தெரியும்? அதுக்குத்தான் தெரியும்" என்பார் அவர்.

அன்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் வியர்வை. அக்கரையில்தான் பெரிய ஆஸ்பத்திரி. அவளைக் காரில் ஏற்றி வழி போட்டார். மேப் புறவழிச்சாலையைக் காட்டியது.

"பாலத்துல போங்க" என்றாள் அவள்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அங்க நெரிசல் போல. சுத்திப் போகச் சொல்லுது."

"நான் கண்ண மூடிக்கிறேன். பாலத்துலயே போங்க."

"அதுக்குத் தெரியாததா? பேசாம சாஞ்சுக்கோ."

பாவி மனுஷன், அவள் பேச்சை ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? ஆக்சிலேட்டரை மிதித்தார். பாதி வழியில் அவள் தலை ஜன்னல் பக்கம் சரிந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை.

கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அதற்குள் அவள் தம்பி ஓடிவந்தான்.

"எந்த வழியா வந்தீங்க மாமா?"

"புறவழிச்சாலை. பாலத்துல ஒரே நெரிசல்."

"நெரிசலா? நான் அதுலதானே வந்தேன். காலியா கிடக்கு."

அவர் நேராகக் காருக்குப் போனார். தம்பியும் பின்னாலேயே வந்தான். மேப் என்ன சொல்கிறதென்று பார்க்க வீட்டுக்கு வழி போட்டார். திரும்பவும் அதே புறவழிச்சாலை. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. வரும்போதும் அது அங்கேதான் இருந்திருக்கும்.

'உங்கள் விருப்பப்படி பாலம் தவிர்க்கப்பட்டது.'

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

"அவ கண்ண மூடிக்கிறேன்னு சொன்னாடா" என்றார் தம்பியிடம். "நான்தான் கேக்கல."