இருபத்தொன்பது நிமிடம்

பேனாட்டைப் புதைத்த மறுநாள் காலையிலும் நான் சைக்கிளில்தான் வேலைக்குப் போனேன். நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய வெஸ்ட்லியில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலிருந்து அதை வெளியே உருட்டும்போது ஐந்தே முக்கால். இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. பனி வழிக்கும் வண்டி தெருவைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நடைபாதை ஓரமாக முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போயிருந்தது. சைக்கிளைத் தூக்கி அதைக் கடந்தபோது, எதிர்க் கட்டடத்தில் இருக்கும் சுஜானி தன் காரின் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டால் எட்டத்திலிருந்தே கையைக் காட்டுகிற பிள்ளை. அன்று சுரண்டுகிற கை அப்படியே நின்றது. திரும்பிக்கொண்டாள். கூட ஓடின மனிசனை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, இந்தாளுக்கு நெஞ்சிலே ஈரமே இல்லையா என்று நினைத்திருப்பாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் காரும் பத்தடி தள்ளி அங்கேதான் நின்றது. யாழ்ப்பாணத்தான் ஒருவன் காரை இப்படிப் பனிக்குள் புதைய விட்டான் என்றால் ஊர் அதற்கும் ஒரு காரணம் கேட்கத்தான் செய்யும்.

காரணம் இருந்தது. போன சித்திரையில், நான் வேலை செய்யும் ரொட்டித் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் எனக்கு வலிப்பு வந்தது. ஆடியில் வீட்டுக் குசினியில் இரண்டாவது. டொக்டர் என் மகள் வயதுப் பெண். கனிவாகத்தான் சொன்னார்: கடைசி வலிப்பு வந்து ஒரு வருடம் கழியும்வரை கார் ஓட்டக் கூடாது, சைக்கிள் கூட யோசித்துத்தான், தனியே வேண்டாம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து மனைவி யோகாம்பாளிடம் சொன்னபோது அவள் அழவில்லை. வேலையிடத்தில் வேறு தமிழர் இருக்கினமோ என்று கேட்டாள். இல்லை என்றேன். கடவுளே என்று நெஞ்சில் கை வைத்தாள்.

ஏனென்றால் அந்தக் கிழமைதான் எங்கள் மகள் கம்சிகாவுக்கு லோறென்ஸ்கூக்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. கம்சிகாவுக்கு முப்பத்தொன்று. இரண்டு இடம் பேசி முறிந்திருந்தது. ஒன்று, யோகாம்பாளின் தங்கைக்கு எப்போதோ மனநோய் இருந்ததை யாரோ தேடிப்பிடித்துப் போய்ச் சொன்னதால். அதற்குப் பிறகு இந்தப் பிள்ளை ஒன்றரை வருடம் வீட்டில் சிரித்து நான் கேட்கவில்லை. அந்த மாப்பிள்ளை கீர்த்திகனோடு கதைக்கத் தொடங்கிய பிறகு குளிக்கும்போதுகூடப் பாடினாள். பெண் பார்க்க வந்த அன்று கீர்த்திகனின் தாய் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டா:

"உங்கடை பக்கத்திலை ஒருத்தருக்கும் பரம்பரை வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே? கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ."

"சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லை," என்றாள் யோகாம்பாள். "இவருக்குக் கொஞ்சம் சீனி இருக்கு. அவ்வளவுதான். அதுதான் டொக்டர் காரை விட்டிட்டுச் சைக்கிள் ஓடச் சொன்னவ."

அப்படித்தான் நான் சைக்கிள்காரன் ஆனேன். பஸ்ஸில் போயிருக்கலாம்தான். ஆனால் காலை பஸ்ஸில் நாலைந்து தமிழர் போவார்கள், கார் எங்கே என்று முதல் நாளே கேட்பார்கள், குடித்துவிட்டு ஓடிப் பிடிபட்டிருக்கிறான் என்று இரண்டாம் நாள் முடிவும் சொல்லிவிடுவார்கள். பஸ்ஸில் போனால் கேள்வி, சைக்கிளில் போனால் மரியாதை. கார்த்திகை பிறந்து பனி விழுந்த பிறகும் நான் நிறுத்தாததைப் பார்த்து மரியாதை இன்னும் கூடியது. ஆணி அடித்த ரயர் பூட்டி, கண்மட்டும் தெரியத் துணியைச் சுற்றி, மூச்சு விட்ட இடமெல்லாம் உறைந்து மீசை கம்பியாகி, நான் போகிற படத்தை யாரோ எடுத்து வாட்ஸப்பில் விட்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டு வயசிலே பாருங்கோ, என்று கீழே எழுதியிருந்தது.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பேனாட் வந்தான். மன்னார்க்காரன், ஆசுப்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை, என்னைவிட இரண்டு வயது இளையவன், உண்மையாகவே சீனி உள்ளவன். ஒருநாள் ஸ்தூவ்னர் சந்தியில், "அண்ணை, நில்லுங்கோ! உங்களைப் பாத்துத்தான் நானும் சைக்கிள் வாங்கினனான்!" என்று பின்னால் கத்திக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் என்னோடுதான். வாய் ஓயாத மனிதன். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கும், அவன் அப்போதும் கதைப்பான். இரண்டு மாதத்தில் அவனுடைய சீனி இறங்கியது. என் கையைப் பிடித்து, "அண்ணை, எனக்கு உயிர் தந்தது நீங்கள்தான்," என்றான். நான் கூனிக்குறுகிப் போனேன். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனியே ஓடாதே என்று டொக்டர் சொல்லியிருந்தார் அல்லவா, அவன் பக்கத்தில் வருவது எனக்கும் ஒரு துணிவாக இருந்தது. அவனுக்குத் தெரியாமலே அவனைக் காவலுக்கு வைத்திருந்தேன்.

தையில் ஒரு செவ்வாய்க்கிழமை. குளிர் மைனஸ் பதினான்கு. பாதையில் வேறு ஒரு சுவடும் இல்லை. ரயில் பாலத்துக்குக் கீழே இறங்கும் சரிவுக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு வயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பி மேலே வந்தது. கூடவே வெங்காயம் கருகுகிற மணம். முந்தி இரண்டு தரமும் இப்படித்தான் தொடங்கியது. ஒரு நிமிடம் இருக்கிறது என்று தெரியும். அந்த ஒரு நிமிடத்தில் நான் நினைத்தது என் உயிரை அல்ல. இவனுடைய வாயைத்தான் நினைத்தேன். பேனாட் கண்டால் மத்தியானத்துக்குள் லில்லெஸ்ட்ரோம் வரைக்கும் போய்விடும்.

"நீ போ பேனாட். எனக்கு ஒண்டுக்கு வருது."

அவன் சிரித்தான். "சீனிக்காரருக்கு உதுதான் தொல்லை. கெதியா வாங்கோ, நான் மெல்லமாப் போறன்."

அவனுடைய பின்விளக்கு சரிவில் இறங்கி மறையும்வரை நின்றேன். பிறகு சைக்கிளைப் போட்டுவிட்டு, பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் போய்ப் பனியில் சரிந்து படுத்தேன். படுத்தது வரைக்கும் தெரியும்.

கண் திறந்தபோது வானம் அதே கறுப்பாக இருந்தது. நாக்கு கிழிந்திருந்தது. நனைந்த காற்சட்டை உறைந்து தகரமாகியிருந்தது. நான் யார், இது எந்த ஊர் என்று தெளியவே நேரம் பிடித்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடிச் சரிவில் இறங்கினேன். கீழே வளைவில், முந்தின நாள் உருகி இறுகிய கண்ணாடிப் பனிக்கு மேல் புதுப்பனி மூடியிருந்த இடத்தில், பேனாட் கிடந்தான். தலை பாதையோர இரும்புக் கம்பியோடு. கம்பளித் தொப்பிக்கு மேல் ஏறவில்லை என்று அவன் ஹெல்மெட்டை அன்று ஹான்டிலில் கொழுவியிருந்தான். முகத்தில் பனி படிந்திருந்தது. மூச்சு இருந்தது. அம்புலன்சுக்கு அடித்தேன். வந்தவர்கள் என் வாயோரத்து இரத்தத்தைக் கண்டு நீயும் விழுந்தாயா என்று கேட்டார்கள். இல்லை, உதட்டைக் கடித்துவிட்டேன் என்றேன். ஏன் பிந்தி வந்தாய் என்று பொலிஸ் கேட்டபோது, செயின் கழன்றது என்றேன். ஒன்றுக்குப் போனவன் அவ்வளவு நேரம் போக மாட்டான் என்று அந்த நிலையிலும் எனக்குக் கணக்கு ஓடியது.

வீட்டில் யோகாம்பாளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் என் காற்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆரும் கண்டவையே?"

இல்லை என்றேன். அதை மூன்று தரம் தோய்த்தாள். கம்சிகாவுக்குச் சொல்லவில்லை. பேனாட் இரண்டு நாள் கிடந்து செத்தான்.

அடக்கத்தில் எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். நானும் உண்மையாகத்தான் அழுதேன், அதில் நடிப்பு இல்லை. கீர்த்திகனின் தகப்பன் என்னைத் தனியே கூட்டிப்போய், "சம்பந்தி, இனி உந்தச் சைக்கிளை விடுங்கோ. கார் சும்மாதானே நிக்குது. நீங்கள் ஓடிறதைப் பாத்தா அந்தப் பெட்டைக்கு எப்பிடி இருக்கும்?" என்றார். பேனாட்டின் மனைவி மரியரஞ்சனியைத்தான் சொன்னார். நியாயமான பேச்சு. விடுகிறேன் என்றால் அடுத்த நாள் காரை எடுக்க வேண்டும். எடுத்தால், எந்தத் தெருவில் எந்தப் பிள்ளைக்கு மேல் ஏற்றுவேனோ. அவ்வளவு கேடுகெட்டவன் இல்லை நான். அவ்வளவுக்குக் கொஞ்சம் கீழே. அதனால் சைக்கிளையே ஓடினேன். வாட்ஸப்பில் பாராட்டியவர்களே இப்போது தமிழ்க் கடையில் என்னைக் கண்டால் அரிசி மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். யோகாம்பாள் நாட்காட்டியைப் பார்த்தபடி, கம்சிகாவின் கலியாண எழுத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் என்றாள். பதினெட்டு என்றாள். பதினேழு என்றாள்.

பதினாறு என்று அவள் சொன்ன அன்று காலையில் சரிவின் கீழ் வளைவில் மரியரஞ்சனி நின்றாள். கல்லறையில் வைக்கிற மெழுகுதிரி ஒன்று கையில் இருந்தது. அந்த இருட்டில் எத்தனை மணிக்கு எழும்பி எந்தப் பஸ் பிடித்து வந்தாளோ. நான் பிரேக் பிடித்தேன்.

"அண்ணை, ஒருக்கால் இறங்குங்கோ."

இறங்கினேன்.

"மகன் ஆன்ட்ரியாஸ் தேப்பன்ரை கைமணிக்கூட்டைப் பாத்தவன். அதிலை எல்லாம் பதிஞ்சிருக்காம். அவர் விழுந்தது ஆறு பன்ரண்டு. நீங்கள் அம்புலன்சுக்கு அடிச்சது ஆறு நாப்பத்தொண்டு. இருபத்தொன்பது நிமிசம். எங்கை நிண்டனீங்கள்?"

"செயின் கழண்டு போச்சுது, தங்கச்சி."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மன்னாரிலை அவர் பன்ரண்டு வருசம் சைக்கிள் திருத்தினவர். ஒரு நிமிசத்திலை போட்டுத் தந்திருப்பார். செயின் கழண்டா அவரை ஏன் போக விட்டனீங்கள்?"

நான் குனிந்து செயினைப் பார்த்தேன். பனி அவளுடைய கண் இமையில் விழுந்தது, அவள் துடைக்கவில்லை.

"விழுந்ததைக் கண்டனீங்கள்," என்றாள் மெதுவாக. "கிட்டப் போகப் பயந்து நிண்டிட்டியள். அதுதானே அண்ணை? உண்மையைச் சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும். நானும் அந்த நேரம் பனிக்குள் நினைவில்லாமல்தான் கிடந்தேன் தங்கச்சி. அதைச் சொன்னால் அவள் என்னை மன்னிப்பாள், என்னைக் கூட்டிப்போய் டொக்டரிடம் விடவும் கூடும், அப்படிப்பட்டவள். பிறகு மகனுக்குச் சொல்லுவாள். பெற்ற பிள்ளை கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. ஆன்ட்ரியாஸ் சனிக்கிழமை தோறும் கீர்த்திகனோடு பந்து விளையாடுகிறவன்.

"ஓம்," என்றேன். "பயந்திட்டன்."

அவள் மெழுகுதிரியை மற்றக் கைக்கு மாற்றினாள். பிறகு, "சரி, போங்கோ. வேலைக்குப் பிந்தப் போகுது," என்றாள்.

நான் ஏறி மிதித்தேன். அவள் அந்த இரும்புக் கம்பியடியில் குந்தி, கையுறையைக் கழற்றிவிட்டு, தீக்குச்சியைக் கிழித்தாள். அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தாள். காற்றுக்கு யாராவது பக்கத்தில் நின்று கையால் மறைத்துப் பிடித்திருந்தால் பற்றியிருக்கும். ஏற்றத்தில் பாதித் தூரம் போகும்வரைக்கும் அவள் குச்சி கிழிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.