தலைக்கு ஊத்துன வண்டி

மூன்றாவது தடவையாக வேலூர் கம்பெனியில் ரிப்பேர் செய்த ஜீப்பை ஓட்டிக்கொண்டு மலை ஏறும்போது ரங்கசாமிக்குச் சந்தோஷம் வரவில்லை. வண்டி என்னவோ நன்றாகத்தான் ஓடியது. நாலு சிலிண்டரும் ஒழுங்காக அடித்தன. ஏற்றத்தில் முக்கவில்லை, முனகவில்லை. ஆனால் போன இரண்டு தடவையும் இதே அழகில்தானே ஓடியது? பத்து நாளோ பதினைந்து நாளோ ஓடும், அப்புறம் பனி இறங்கிய ஒரு காலையில் மிஸ் அடிக்க ஆரம்பித்துவிடும். ஒரு சிலிண்டர் அடிக்கும், ஒன்று அடிக்காது, வண்டி திக்கித் திக்கி நின்றுவிடும். வெயில் ஏறினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். மறுநாள் பனியில் பழையபடி மிஸ். நம்பவும் முடியவில்லை, விட்டுத் தொலைக்கவும் முடியவில்லை. அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எழுபத்தாறில் அரசாங்க ஏலத்தில் எடுத்த பெட்ரோல் ஜீப் அது. மலைமேல் புதூர்நாட்டுக்கு பஸ் ஒன்று உண்டு, அதற்கு மனசிருந்தால் வரும். மற்றபடி திருப்பத்தூர் சந்தைக்குச் சாமை மூட்டை போவதும், பலாப்பழம் போவதும், பிரசவத்துக்குப் பெண்கள் போவதும் ரங்கசாமியின் ஜீப்பில்தான். நாலு வருஷம் அது ஒரு தொந்தரவும் தரவில்லை. எண்பதில்தான் சனி பிடித்தது.

அந்தக் கம்பெனிக்காரர்களை நினைத்தாலே வயிறு எரியும். வெள்ளைச் சட்டை போட்ட சூப்பர்வைசர் ஒருவர் வருவார். வண்டி மிஸ் அடிக்கிறது என்று இவன் சொல்வான். அவர் வேலூர் வெயிலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேய்யா ஓடுது? பனிக்கு மட்டும் ரிப்பேர் ஆவற வண்டிய இன்னிக்கிதான் கேள்விப்படறேன்" என்பார். சொல்லிவிட்டுச் சும்மா அனுப்புவாரா? அதுதான் கிடையாது. முதல் தடவை பிளக்கும் பாயிண்டும் மாற்றினார்கள். இரண்டாம் தடவை காயிலும் கார்பரேட்டரும். மூன்றாம் தடவை டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்றி எறிந்துவிட்டு, பிளக் ஒயர் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார்கள். சாமான் பம்பாயிலிருந்து வர வேண்டும் என்று எட்டு நாள் காக்க வைத்தார்கள். அந்த எட்டு நாளும் ரங்கசாமி பஸ் ஸ்டாண்டில் படுத்து, பொட்டலச் சோறு தின்று, கம்பெனி வாசலில் போய் நிற்பதும் வருவதுமாக இருந்தான். இரண்டாவது பில்லுக்கு ஏர் மாடு போனது. மூன்றாவது பில்லுக்குப் பதினொரு புளிய மரத்தை இரண்டு வருஷக் குத்தகைக்கு விட்டுவிட்டான். இனி விற்க வீட்டில் இருப்பது அம்மிக்கல்தான்.

கம்பெனியில் காரணம் தெரியவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முன்பெல்லாம் திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் யாராவது செத்துப்போனால், கம்பளியில் தூளி கட்டிக் கழியில் கோத்து, நாலு பேர் மாற்றி மாற்றி மலை ஏற்றுவார்கள். எண்பதில்தான் ரங்கசாமி முதல் முதலாக ஒரு பிணத்தை ஜீப்பில் ஏற்றி வந்தான். ஊரே அவனைக் கையெடுத்துக் கும்பிட்டது. பத்தாம் நாள் வண்டி மிஸ் அடித்தது. கம்பெனிக்குப் போய்ச் சரிசெய்து வந்தான். இன்னொரு சாவு, இன்னொரு பிணம், மறுபடி மிஸ். மூன்றாவது தடவையும் அப்படியே. "செத்தவங்க ஏறுனா ஏறுனதுதான், எறங்க மாட்டேங்கறாங்க" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ரங்கசாமி முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டான்.

பிணம் ஏற்றிய வண்டியைச் சும்மாவும் விடவில்லை. தீட்டுக் கழிக்காமல் ஒருவரும் அதில் கால் வைக்க மாட்டார்கள். அவன் பெண்டாட்டி அம்சவல்லிதான் முதல் நாளே கேட்டாள்.

"சாவு வூட்டுக்குப் போய்ட்டு வந்தா மனுசன் தலைக்கு ஊத்திக்கினுதானே உள்ள வர்றான்? வண்டிக்கு வாணாமா?"

"வண்டிக்குத் தல எதுடி?"

"மூடியத் தொறந்தா இருக்குதே, அதான் தல. அதுதானே பேசுது, மூச்சு வுடுது?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊத்து ஊத்து என்றான். சூட்டோடு ஊத்தினால் இரும்பு வெடித்துவிடும், ஆறின பிறகு ஊத்து என்று சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். அவளும் ஆறவிட்டு, பானட்டைத் தூக்கிப் பிடித்து, ஒரு குடம் மஞ்சத்தண்ணியை மேலாக ஊற்றுவாள். மறுநாள் முழுக்க வண்டி வெயிலில் காயும். அதற்கப்புறம்தான் ஜனங்கள் ஏறுவார்கள்.

கம்பெனியிலிருந்து மூன்றாம் தடவை வந்த நாலாம் நாள் கருப்பனின் அம்மா முத்தம்மாவுக்கு மூச்சு இழுத்தது. கருப்பனும் ரங்கசாமியும் மாமன் மச்சான் முறை, சின்ன வயசிலிருந்தே ஒன்றாய்த் திரிந்தவர்கள். ஜீப்பில்தான் கொண்டுபோனார்கள். முன் சீட்டில் மகன் மேல் சாய்ந்திருந்த முத்தம்மா, வளைவுக்கு வளைவு ரங்கசாமியின் கையைத் தட்டினாள்.

"எறக்கினு போற. திரும்ப நீதான் ஏத்தியாரணும், இன்னா?"

"நான் இல்லாம வேற யாரு அத்த ஏத்தியாருவாங்க?"

"உசுரோட வந்தாலும் சரி, எப்பிடி வந்தாலும் சரி. அந்தத் தூளியில மட்டும் கட்டிறாதீங்கடா. எனக்குப் பயம்."

"சும்மா இரு அத்த. சொல்லிட்டேன் இல்ல?"

மூன்றாம் நாள் மத்தியானம் கருப்பன் மட்டும் கீழேயிருந்து வந்தான். முகத்தைப் பார்த்ததுமே ரங்கசாமிக்குத் தெரிந்துவிட்டது.

"போய்ட்டாங்க மச்சான்," என்றான் கருப்பன். "ஆஸ்பத்திரில தூக்கினு போன்னு சொல்றாங்க. டவுன் வண்டிக்காரன் எவனும் மலைக்கு வர மாட்டேங்கறான்."

ரங்கசாமி டயரைப் பார்த்தான். போட்ட புது ஒயரையும், போன மாட்டையும், போன மரத்தையும் நினைத்தான். இன்னொரு தடவை வேலூரில் அந்த வெள்ளைச் சட்டைக்கு முன்னால் போய் நிற்க அவன் உடம்பில் தெம்பில்லை.

"கம்பெனிலேருந்து வந்து ஒரு வாரம்தான் ஆவுது மச்சான்," என்றான். குரல் அவனுக்கே அசிங்கமாக இருந்தது. "ஊர்ல பேசறது உனக்கே தெரியும். நான் நம்பல. ஆனா ஒவ்வொரு தபாவும் அப்பிடித்தான் ஆவுது. இன்னொரு தபா நின்னுட்டா நான் எழுந்திரிக்க மாட்டேன்."

கருப்பன் திட்டவில்லை. நாலு வார்த்தை கேட்டிருந்தால் ரங்கசாமி சாவியை எடுத்திருப்பானோ என்னவோ.

"சரி மச்சான்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஆள் சேர்க்கப் போனான்.

அடிவாரம் வரை மாட்டு வண்டி. அங்கிருந்து கம்பளித் தூளி. அன்று பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர்ந்தார்கள். ரங்கசாமி மனசு கேட்காமல், காரியத்துக்கு வேண்டிய அரிசியையும் விறகையும் ஜீப்பில் ஏற்றிக் கருப்பன் வீட்டில் இறக்கினான். குழி மேட்டில் தள்ளி நின்று மண் போட்டான். யாரும் அவனிடம் பேசவில்லை. அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வாசலில் அம்சவல்லி தடுத்தாள். "குழி மேட்டுலேருந்து நேரா வந்து ஸ்டேரிங்கப் புடிச்சீங்களா? ஐயோ, பொணம் ஏறலன்னாலும் தீட்டு தீட்டுதானே?"

அவன் குளிக்கப் போனான். வண்டி ஆறியதும் அவள் குடத்தை எடுத்தாள். மறுநாள் முழுக்க ஜீப் வெயிலில் நின்றது.

அதற்கடுத்த நாள் சந்தை. விடிந்தும் பனி விலகவில்லை. பாஞ்சாலை என்கிற பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் சாமை மூட்டையோடு ஏறினார்கள். முதல் இறக்கம் முடிந்து சின்ன மேடு ஒன்று வரும். அந்த மேட்டில் வண்டி ஒரு தடவை திக்கியது. அப்புறம் இன்னொரு தடவை. டப்பென்று ஒரு வெடி வெடித்துவிட்டு நின்றேவிட்டது.

பின்னாலிருந்து பாஞ்சாலைதான் வாய் திறந்தாள்.

"முத்தம்மாதான். நீ ஏத்த மாட்டேன்னு சொன்ன இல்ல, அவளே ஏறிக்கினா."

மூன்று பேரும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். ரங்கசாமி ஸ்டேரிங்கில் நெற்றியை வைத்துக் கிடந்தான். முன் சீட்டில் முத்தம்மா சாய்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. அழுகை வந்தது, அழக்கூட அலுப்பாக இருந்தது.

"அத்த," என்றான் சத்தமாக. "தப்புதான். எறங்கிடு அத்த."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எங்கிருந்து இறங்குவாள்? செத்த பிறகு அவள்தான் ஏறவே இல்லையே. மூணு தடவை பிணம் ஏறியதால் மிஸ் அடித்தது என்றால், இந்தத் தடவை எதனால்?

இறங்கிப் பானட்டைத் தூக்கினான். அந்த அரை வெளிச்சத்தில் செல்ஃப் கம்பியை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு என்ஜினைச் சுழலவிட்டான். புது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் நீலமாக நெருப்பு நெளிந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் வெளியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. சாவியை அணைத்துவிட்டு ஒரு ஒயரைப் பிடுங்கினான். மூடியைக் கழற்ற இரண்டு கையும் வேண்டியிருந்ததால், பிடுங்கிய ஒயரைப் பல்லில் கடித்துக்கொண்டான்.

உப்புக் கரித்தது.

துப்பிவிட்டு அடுத்த ஒயரை நக்கினான். உப்பு. மூடியை நக்கினான். அதுவும் உப்பு. மஞ்சள் கறைக்கு அடியில் வெள்ளையாகப் பொரிந்து போயிருந்தது. சும்மா மஞ்சத்தண்ணி இல்லை. தீட்டுக் கழிக்கிற தண்ணி. அதில் கை நிறையக் கல்லுப்புப் போடாமல் எந்தப் பெண் ஊற்றுவாள்? வெயிலில் தண்ணி காய்ந்துவிடும், உப்பு அப்படியே ஒட்டிக்கொள்ளும். பனி இறங்கினால் உப்பு நனையும், கரண்ட் அதில் ஒழுகிவிடும். வண்டி நின்றுபோனதென்றால் அம்சவல்லி பயந்துபோய் அடுத்த தடவை இன்னும் இரண்டு கை கூடப் போட்டிருப்பாள்.

கம்பெனி பில் ஞாபகம் வந்தது. மூன்று பில்லிலும் முதல் வரி ஒன்றுதான்: வாட்டர் சர்வீஸ். இருப்பதிலேயே சின்னத் தொகை. வண்டியை உள்ளே விட்டதும் முதலில் அடித்துக் கழுவிவிட்டு அப்புறம்தான் மெக்கானிக் தொடுவான். ரிப்பேர் அதோடு முடிந்துபோயிருக்கிறது. அதற்குக் கீழே எழுதியதெல்லாம் தண்டம். மாடு தண்டம், மரம் தண்டம்.

ரேடியேட்டருக்கு வைத்திருந்த கேனிலிருந்து தண்ணி எடுத்து ஒவ்வொன்றாகக் கழுவினான். துண்டால் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்தான். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே அடியில் பிடித்துக்கொண்டது. பனி அப்படியே இருந்தது, ஒரு திக்கல் கூட இல்லை. அவனுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சந்தைக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பிக் கருப்பன் வீட்டுக்கு வந்தான்.

கருப்பன் வாசலில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். இரண்டு தோளும் கழி உரசித் தோல் வழன்று, விளக்கெண்ணெய் பூசியிருந்தது. ரங்கசாமி எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னான். ஒயரைக் கடித்தது வரை சொன்னான்.

"உப்பா?" என்றான் கருப்பன்.

"உப்புதான் மச்சான். வெறும் கல்லுப்பு."

"அப்ப பொணம் ஏத்துனதால இல்ல."

"இல்ல."

"எங்கம்மா ஏறியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

ரங்கசாமி தலையை மட்டும் ஆட்டினான்.

கருப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த நாவமரத்து ஏத்தம் இருக்குது இல்ல, அங்க சேத்துல எனக்குக் கால் வழுக்கிடுச்சி மச்சான். தூளியோட கீழ போட்டுட்டேன். உருண்டுட்டாங்க. மூஞ்செல்லாம் சேறு. என் துண்டால தொடச்சித்தான் மறுபடி கட்டினேன். ஊர்ல யாருக்கும் சொல்லல. தூக்கினு வந்த நாலு பேருக்குத்தான் தெரியும். இப்ப உனக்கு."

ரங்கசாமி கையை நீட்டினான். அந்தத் தோளில் எங்கே தொடுவதென்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டான்.

வந்த வேகத்தில் வண்டியை அணைக்க மறந்திருந்தான். வெளியே அது பாட்டுக்கு நாலு சிலிண்டரிலும் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கருப்பன் நிமிர்ந்து, அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டான்.

"நல்லாத்தான் ஓடுது மச்சான்," என்றான்.